பெட்டி இருக்கிறது, ஹோல்டர் எங்கே?

பழைய பிளேட் கமரா ஒன்றை யாராவது கொண்டுவந்து காட்டினால் முதலில் அதன் முதுகைத் திருப்பிப் பார்ப்பேன். பித்தளை வளையமும் சிவப்புத் துருத்தியும் எல்லோருடைய கண்ணையும் இழுக்கும். விற்கிறவர்களும் அவற்றைத்தான் துடைத்துப் பளபளப்பாக்கி வைப்பார்கள். முதுகில் ஒரு சட்டம் இருக்கும். அதில் மங்கல் கண்ணாடி, இரு ஓரங்களிலும் நீளமாக ஓடும் பள்ளம். அந்தப் பள்ளத்தில் வந்து உட்கார வேண்டிய ஹோல்டரும் கூட வந்திருக்கிறதா என்று கேட்பேன். பெரும்பாலும் வந்திருக்காது.

நமுனுகுலவில் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்றவள் நான். என் பெரியப்பா பதுளையில் ஒரு ஸ்டூடியோவின் இருட்டறையில் வேலை செய்தவர். அவர் விட்டுப்போன ஹாஃப் பிளேட் மரக் கமரா ஒன்றும், ஒரு பழைய பங்களாச் சாமான்களோடு வந்த ஜெர்மன் மடிப்புக் கமரா ஒன்றும் என்னிடம் இருக்கின்றன. இரண்டையும் மறுபடி படம் பிடிக்க வைக்கப் போனபோதுதான், கமராவை விட ஹோல்டர் எவ்வளவு அருமையான பொருள் என்று விளங்கியது.

கையடக்கப் பேசியில் படம் எடுக்கிறவர்களுக்காக வேலையைச் சொல்லிவிடுகிறேன். பிளேட் கமராவுக்குள் பிலிம் தங்குவதில்லை. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, மங்கல் கண்ணாடியில் தலைகீழாக விழும் உருவத்தைப் பார்த்துத் தெளிவு பிடிக்க வேண்டும். பிறகு லென்ஸை மூடி, கண்ணாடி இருந்த இடத்தில் ஹோல்டரைச் செருக வேண்டும். ஹோல்டர் என்பது வெளிச்சம் புகாத மெல்லிய பெட்டி. அதற்குள் ஒரு கண்ணாடிப் பிளேட்டோ பிலிமோ இருட்டிலேயே ஏற்றப்பட்டிருக்கும். முன்பக்கத்து மூடுதகட்டை மேசை லாச்சி மாதிரி இழுத்தால் பிளேட் லென்ஸைப் பார்க்கும். லென்ஸைத் திறந்து மூடி, தகட்டைத் திரும்பச் செருகி, ஹோல்டரைக் கழற்றினால் ஒரு படம் முடிந்தது. அடுத்த படத்துக்கு அடுத்த ஹோல்டர், அல்லது அதே ஹோல்டரின் மறுபக்கம். அதனால் ஒரு ஸ்டூடியோவில் ஒரு கமராவுக்கு ஓர் அடுக்கு ஹோல்டர் இருக்கும். கடை மூடிய நாளில் கமரா அலங்காரமாக ஒரு வீட்டு அலுமாரிக்குப் போய்விடும். ஹோல்டர் என்னவென்று தெரியாதவர்களுக்கு அது வெறும் பலகைத்துண்டு. அடுப்புக்குப் போனவையே அதிகம் என்று நினைக்கிறேன்.

இந்த மலைநாட்டில் படக்கலை தேயிலை பரவுவதற்கும் முந்தியது. உலகப் புகழ்பெற்ற ஜூலியா மார்கரெட் கமரன் 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்தார். கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1879இல் டிக்கோயா கிளென்கேர்ன் தோட்டத்தில் ஜூலியா இறந்தார். பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலயத்தில் அடக்கம். அவருடையது ஈரப் பிளேட் முறை: கண்ணாடியில் கலவை பூசி, அது காய்வதற்குள் படம் எடுத்து, அங்கேயே கழுவியும் எடுக்க வேண்டும். 1871இல் ரிச்சர்ட் லீச் மெடொக்ஸ் ஜெலட்டின் பூசிய உலர் பிளேட்டை வெளியிட்ட பிறகே, இருட்டறையைக் கூடவே சுமக்காமல் மலை ஏற வழி பிறந்தது. ஏற்றிய ஹோல்டர்களைப் பையில் போட்டுக்கொண்டு போய், எடுத்த படங்களோடு திரும்பி வரலாம். ஹோல்டர் பயணச் சாமான் ஆனது அப்போதுதான். 1890இல் கொழும்பில் பிளாட்டே படப்பிடிப்பு நிறுவனம் தொடங்கியது. 1924இல் ரயில் பதுளைக்கு வந்தது. பிளேட்டும் மருந்தும் பெட்டி பெட்டியாக மலைக்கு ஏற அதுவே பெரிய வசதி.

இவை துரைமார் கதை. எங்கள் கதை பாஸ்போட் படத்தோடு வருகிறது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். இந்தியாவுக்குப் போக எழுதிக் கொடுத்தவர்களுக்குக் கண்டி இந்திய உதவித் தூதரகத்தின் பாஸ்போட் வேண்டும். பாஸ்போட்டுக்குப் படம் வேண்டும். கனவரல்லை, தொனகொம்பை, பிங்கராவை என்று நமுனுகுலவைச் சுற்றிய தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகப் பசறைக்கும் பதுளைக்கும் இறங்கினார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கமரா முன்னால் உட்கார்ந்தவர்கள் அவர்களில் எத்தனையோ பேர். 1972இல் தேசிய அடையாள அட்டை வந்தபோது, இங்கேயே தங்கியவர்களுக்கும் அதே நாற்காலி. பெரியப்பாவின் கமரா பிடித்த முகங்கள் இவைதாம். தலைமன்னாரில் கப்பலேறியவர்களில் பலருக்கு ஊரில் மிஞ்சிய ஒரே அடையாளம், சொந்தக்காரர் வீட்டுச் சுவரில் தொங்கும் அந்தப் படம். இந்தக் கமராவை வெறும் காட்சிப் பொருளாக வைக்க எனக்கு மனம் வராததற்குக் காரணம் இதுதான்.

பிலிம் கிடைப்பது அரிதாக இருந்த எழுபதுகளில், இருட்டில் கையாலேயே அளந்து ஒரு தாளை நாலாக வெட்டி ஏற்றுவாராம் பெரியப்பா. மர ஹோல்டருக்குள் சின்னப் பிலிமைத் தாங்க உள்சட்டம் ஒன்று உண்டு. அது இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. மூலைகளில் அவருடைய நகக்கீறல்.

சரி, ஏன் ஒரு ஹோல்டர் எல்லாக் கமராவுக்கும் பொருந்துவதில்லை? முதற் சிக்கல் பிளேட்டின் அளவு. பிரிட்டிஷ்காரர் அங்குலத்தில் வெட்டினார்கள்: ஃபுல் பிளேட் 6½×8½, ஹாஃப் பிளேட் 4¾×6½, குவாட்டர் பிளேட் 3¼×4¼. ஜெர்மனியர் சென்ரிமீற்றரில்: 6.5×9, 9×12, 13×18. குவாட்டர் பிளேட் என்பது 83×108 மில்லிமீற்றர். 9×12 என்பது 90×120. தனித்தனியாகப் பார்த்தால் கண்ணுக்குச் சட்டென்று வித்தியாசம் தெரியாது. பழைய சாமான் விற்கிறவர்கள் இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு வைத்திருப்பார்கள்.

அளவு ஒன்றானாலும் போதாது. லங்காஸ்டர், தோண்டன்-பிக்கார்ட், சாண்டர்சன் போன்ற இங்கிலாந்து மரக் கமராக்களில், அந்தந்தக் கமராவுக்கென்று தச்சன் கையால் செதுக்கிப் பொருத்திய ஹோல்டர்கள் வரும். ஒரே கம்பனியின் ஒரே அளவுக் கமராக்கள் இரண்டிலேயே ஒன்றின் ஹோல்டர் மற்றதில் இறுகலாம், அல்லது ஆடலாம். புத்தகம் போல் விரியும் அந்த இரட்டை ஹோல்டர்களில் 1, 2, 3 என்று இலக்கம் பதித்திருந்தால் அவற்றைப் பிரிக்காமல் வாங்க வேண்டும், கூடப்பிறந்தவை.

ஜெர்மன் மடிப்புக் கமராக்கள் ஓரளவுக்குப் பரவாயில்லை. மெல்லிய தகட்டு ஹோல்டர், அதன் நீள ஓரங்கள் மடிந்து தண்டவாளமாக நிற்கும், கமராவின் பள்ளத்தில் வழுக்கிக்கொண்டு இறங்கும். ஆனால் ஈக்கா, எர்னமன், கொண்டெஸா-நெட்டல் என்று ஆளுக்கொரு கம்பனி ஆளுக்கொரு தண்டவாளம் போட்டது. 1926இல் இவையெல்லாம் சேர்ந்து ஸைஸ் ஐக்கன் ஆன பிறகும் பழைய வித்தியாசங்கள் ஒரேயடியாக மறையவில்லை. வொய்க்லாண்டர் கம்பனியின் அவுஸ் கமராவுக்கு வழுக்கி இறங்கும் ஹோல்டர். அதே கம்பனியின் பெர்க்ஹைலுக்கோ தனிப் பூட்டு, தனி ஹோல்டர். பெயரைக் கேட்டு வாங்கினால் ஏமாற இடமுண்டு. கமராவின் பள்ளத்துக்குப் பள்ளம் உள்ள அகலம், ஹோல்டரின் வெளி அகலம், தண்டவாள மடிப்பின் தடிப்பு: இந்த மூன்றையும் வேணியர் இடுக்கிமானியால் அளந்து மில்லிமீற்றரில் எழுதி வைத்துக்கொண்டு, விற்கிறவரிடமும் அதே மூன்றையும் அளந்து அனுப்பச் சொல்ல வேண்டும். அளந்து சொல்ல மறுப்பவரிடம் நான் வாங்க மாட்டேன்.

ஒன்றைப் பார்த்து ஏமாறாதீர்கள். பிலிம்பக் அடாப்டர் என்று ஒன்று ஹோல்டர் மாதிரியே இருக்கும், கொஞ்சம் தடித்து, உள்ளே வெறுமையாக. காகித நாக்குகளை ஒவ்வொன்றாக இழுத்துப் படம் எடுக்கும் பிலிம் கட்டு அதற்குள் போகும். அந்தக் கட்டுத் தயாரிப்பு நின்று வருடக்கணக்காகிறது. 6.5×9 கமரா வைத்திருப்பவருக்கு வேறொரு நல்ல வழி உண்டு: ரோலெக்ஸ், ராடா என்ற பெயர்களில் வந்த சுருள் பிலிம் முதுகுகள். பள்ளத்துக்குப் பொருந்தியது ஒன்று கிடைத்தால் இன்றைய 120 பிலிமில் எட்டுப் படம்.

இனி நான் மிகவும் கவலைப்படுகிற இடம். ஹோல்டர் பள்ளத்தில் அழகாக இறங்கி உட்கார்ந்துவிட்டால் எல்லாரும் காரியம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். படம் மங்கலாக வந்த பிறகு லென்ஸைத் திட்டுவார்கள். மங்கல் கண்ணாடி எந்த ஆழத்தில் இருந்ததோ, ஹோல்டருக்குள் பிலிமும் அதே ஆழத்தில் நிற்க வேண்டும். 4×5 அங்குல ஹோல்டர்களுக்கு அமெரிக்கத் தரம் இந்த ஆழத்தை 0.197 அங்குலம் என்று வைத்தது, அதாவது 5 மில்லிமீற்றர். கூடக்குறையப் போக விட்ட இடம் 0.18 மில்லிமீற்றர். எங்கள் பழைய கமராக்களுக்கு அப்படி எழுதிவைத்த தரம் கிடையாது. நாமே அளக்க வேண்டும். ஒரு வீணான பிலிமை ஏற்றி, மூடுதகட்டை இழுத்துவிட்டு, ஹோல்டரின் முகத்தில் நேர்விளிம்பு ஒன்றைக் குறுக்கே வைத்து, இடுக்கிமானியின் ஆழக்கோலை இறக்கி அளவு எடுங்கள். கமரா முதுகிலும், ஹோல்டர் உட்காரும் முகத்திலிருந்து மங்கல் கண்ணாடியின் சொரசொரப்பான பக்கம் வரை அளவு எடுங்கள். இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

அந்தச் சொரசொரப்பு லென்ஸைப் பார்த்து இருக்க வேண்டும் என்பதையும் கவனியுங்கள். உடைந்த கண்ணாடிக்குப் பதில் கடையில் வெட்டிப் போட்டவர்கள் பல நேரம் வழவழப்பை உள்ளே வைத்துவிடுகிறார்கள். கண்ணாடியின் தடிப்பு இரண்டு மில்லிமீற்றரென்றால் தெளிவு பிடிக்கும் இடமும் அதற்கேற்ப விலகிவிடும். துவாரத்தைச் சுருக்கினால் கொஞ்சம் மன்னிக்கும்: எஃப் 4.5இல் அரை மில்லிமீற்றர் பிழை கூடத் தாங்காது, எஃப் 16இல் ஒன்றரை மில்லிமீற்றர் வரை தாங்கும். அந்தக்காலக் குழுப்படங்கள் பழுதான ஹோல்டரிலும் கூர்மையாக வந்ததற்கு இது ஒரு காரணம். வெளிச்சம் குறைந்த லயத்து வாசலில் கிழவி ஒருத்தியைத் தனியாக எடுக்கும்போது துவாரத்தைத் திறந்தே ஆக வேண்டும். அங்கே பிழை அப்படியே தெரியும்.

மர ஹாஃப் பிளேட்டுக்கு ஹோல்டர் எங்கும் கிடைக்காமல் போனால் என்ன செய்வது? கமராவை வெட்டாதீர்கள். ஹாஃப் பிளேட்டின் திறப்பு 4×5ஐ விடப் பெரியது. ஆகவே பழைய முதுகைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு, இன்று தாராளமாகக் கிடைக்கும் 4×5 ஹோல்டரை ஏற்கும் புது முதுகு ஒன்றைச் செய்வித்துப் பொருத்தலாம். என் கமராவுக்கு இதைச் செய்து தந்தவர் பசறைப் பக்கத்து மர பாஸ் ஒருவர். கதவு, ஜன்னல், சவப்பெட்டி எல்லாம் செய்கிற கை. ஹோல்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“டீச்சர், நமக்கு நூல் கணக்குத்தான் கை வரும். இந்த ஆழம் ஒன்றரை நூல் வச்சா சரிதானே?”

ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டிலொன்று. ஒன்றரை நூலென்றால் 4.76 மில்லிமீற்றர். 5க்கு 0.24 குறைகிறது, தரம் விட்டுக்கொடுப்பதோ 0.18 தான்.

“கொஞ்சம் பத்தாது பாஸ். ஒன்றரை நூலே போடுங்க, மிச்சத்தைக் கடதாசி பார்த்துக்கொள்ளும்” என்றேன்.

சாதாரண எழுதும் தாள் ஒன்றின் தடிப்பு ஏறக்குறைய 0.1 மில்லிமீற்றர். கண்ணாடி உட்காரும் படியில் இரண்டு தாள் கீற்றுகளை ஒட்டினோம். 4.96. இடுக்கிமானியின் கோடுகள் ஒன்றோடொன்று சேர்ந்து நின்றதை பாஸ் குனிந்து பார்த்தார். பிறகு தன் மீற்றர் கோலில் மில்லிமீற்றர் பக்கத்தை முதல் தடவையாகப் பார்ப்பவர் மாதிரி தடவிக்கொண்டிருந்தார். ஹோல்டர் வந்து முட்டும் விளிம்பில் தையல்காரரிடம் வாங்கிய கறுப்பு வெல்வெற் துண்டை ஒட்டி வெளிச்சத்தை அடைத்தோம்.

ஊவாவில் மரம் சும்மா இருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். ஐப்பசியிலிருந்து தை வரை மழையும் மூடுபனியும். பலகை ஊறி ஹோல்டர் சிக்கிக்கொள்ளும். ஆடி, ஆவணியில் கச்சான் காற்று அடித்து நல்ல தேயிலை விளைகிற நாட்களில் அதே பலகை காய்ந்து சுருங்கி மூலைகளில் பிளவு விடும். அந்தப் பிளவு வழியே வெயில் புகுந்து படத்தில் வெள்ளைக் கீற்றாக விழும். ஆகவே சோதனையைக் காய்ந்த மாதத்தில் செய்யுங்கள். பிலிம் துண்டு ஒன்றை ஏற்றி, மூடுதகட்டைத் திறக்காமல், ஹோல்டரின் எல்லா ஓரங்களையும் வெயிலில் காட்டிவிட்டுக் கழுவிப் பாருங்கள். கறுப்புப் படிந்த மூலையில்தான் ஓட்டை. தகட்டு ஹோல்டர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கே துரு வரும், மூடுதகடு நுழையும் வாயில் வைத்த வெல்வெற் மொட்டையாகும். வெல்வெற்றை மாற்றிவிடலாம்.

ஹோல்டர் கிடைத்தாலும் அது கண்ணாடிக்குச் செய்தது. பிலிமின் தடிப்பு மில்லிமீற்றரில் ஐந்திலொன்றுதான். அப்படியே போட்டால் வளைந்து நழுவும். ஜெர்மன் ஹோல்டருக்குள் பின்னாலிருக்கும் வில் பிளேட்டை முன் உதட்டோடு தள்ளிப் பிடிக்கிறது. மெல்லிய பிலிமை அது பிடிக்காது. அதற்கென்றே ‘ஷீத்’ என்ற தகட்டுறை இருக்கிறது: மூன்று பக்கம் மடித்த மெல்லிய கறுப்புத் தகடு, பிலிமை அதில் நுழைத்து உறையோடு ஹோல்டரில் வைக்க வேண்டும். ஹோல்டர் வாங்கும்போது உள்ளே உறை இருக்கிறதா என்று கேளுங்கள். தெரியாதவர்கள் அதைக் குப்பைத் தகடென்று எடுத்து எறிந்திருப்பார்கள்.

பிலிமுக்குப் பஞ்சமில்லை, பணம்தான் வேண்டும். செக் நாட்டு ஃபோமா கம்பனி 9×12 இன்னும் வெட்டி விற்கிறது. இங்கிலாந்தின் இல்ஃபோர்ட் ஹாஃப் பிளேட், ஃபுல் பிளேட் போன்ற வழக்கொழிந்த அளவுகளை ஆண்டுக்கொரு முறை முன்பதிவு வாங்கி வெட்டித் தருகிறது. அமெரிக்காவில் ஜேசன் லேன் என்பவர் கண்ணாடி உலர் பிளேட்டையே மறுபடி செய்து விற்பனைக்குக் கொண்டுவந்தார். எங்கள் கைக்கெட்டியது பழைய ரக எக்ஸ்ரே பிலிம். 18×24 சென்ரிமீற்றர்த் தாள் ஒன்றை இரண்டாகவும் பிறகு இரண்டாகவும் வெட்டினால் சரியாக நாலு 9×12. உறைக்குள் நுழைய ஓரத்தில் ஒரு மில்லிமீற்றர் சீவிவிடுங்கள். சிவப்பு விளக்கில் வெட்டலாம், கழுவலாம். இரு பக்கமும் மருந்து பூசியிருப்பதால் விரல் பட்டாலே கீறும், ஒன்றொன்றாகக் கழுவுங்கள். இப்போது வைத்தியசாலைகளில் அச்சாகி வருகிற உலர் பிலிம் இதற்கு உதவாது. எக்ஸ்ரே பிலிமுக்குச் சிவப்பு தெரியாது: நெற்றிப் பொட்டு கறுப்பாக விழும், வெற்றிலை போட்ட உதடும் கறுத்துப் போகும். எங்கள் பாட்டிமாரின் பழைய படங்களில் நாம் பார்க்கிற அதே முகநிறம்.

தோட்டத்திலோ பட்டணத்திலோ, பழைய ஸ்டூடியோக்காரர் வீட்டுப் பரணில் இப்படிப் பலகையோ தகடோ இருந்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மூடுதகட்டை வெளிச்சத்தில் இழுத்துப் பார்க்காதீர்கள். எடுத்துவிட்டுக் கழுவாமலே விட்ட பிளேட் உள்ளே இருக்கலாம். பல பத்தாண்டு கழித்துக் கழுவியும் உருவம் வந்த பிளேட்டுகள் உண்டு. கறுப்புத் துணியில் சுற்றி, இருட்டறை வேலை தெரிந்தவரிடம் கொடுத்துத் திறக்கச் சொல்லுங்கள். உள்ளே ஒன்றும் இல்லாவிட்டால் வெளி அகலத்தையும் தண்டவாளத் தடிப்பையும் ஆழத்தையும் அளந்து, ஒரு துண்டுக் கடதாசியில் பென்சிலால் எழுதி ஹோல்டரிலேயே கட்டி வையுங்கள். உடைந்ததையும் எறிய வேண்டாம். ஓரத் தண்டவாளம் ஒன்று முழுதாக இருந்தாலே போதும், அதைப் பார்த்து இன்னொன்று செய்ய ஊருக்குள் பாஸ்மார் இருக்கிறார்கள்.